மனதை எந்த வீட்டுக்குக் கொண்டுவருவது?

இரண்டு திபெத்திய நூல்களை முன்வைத்துச் சில எண்ணங்கள்

இந்தப் புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. எர்லாங்கனில் வீட்டு வாசலில் ஒரு பெட்டியை வைத்து, வேண்டாத சாமான்களை அதற்குள் போட்டு, ‘இலவசம்’ என்று மட்டையில் எழுதி விடுவார்கள். பழைய பீங்கான், பிள்ளைகளின் சப்பாத்து, விளக்கு, புத்தகம் எல்லாம் கிடக்கும். இரவு வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது அப்படியொரு பெட்டியில் எடுத்ததுதான் சோக்யால் ரின்போச்சே எழுதிய ‘வாழ்வும் சாவும் பற்றிய திபெத்திய நூல்’. டொச் மொழிபெயர்ப்பு. ஓரமெல்லாம் பென்சிலால் கோடிட்டு, ஆச்சரியக்குறிகள் போட்டு, யாரோ மிகுந்த பக்தியோடு படித்த பிரதி. சில மாதங்கள் கழித்து வேறொரு தெருவில், வேறொரு பெட்டியில், இன்னொரு பிரதி கண்டேன். 1992இல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் பல மொழிகளில் முப்பது இலட்சத்துக்கு மேல் விற்ற புத்தகம் ஏன் இப்படி வாசற்படிக்கு வந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நூல் பெரியது. அதன் பெரும்பகுதி மரணத்தைப் பற்றியும், மரணத்துக்கும் மறுபிறப்புக்கும் இடையில் வரும் ‘பார்தோ’ நிலைகளைப் பற்றியும் பேசுகிறது. அவற்றை நான் இங்கு தொடப்போவதில்லை. செத்தபின் என்ன என்ற கேள்விக்கு எங்கள் சைவ வீடுகளில் கேளாத பதில் எதையும் அவர் சொல்லவில்லை. இந்த எர்லாங்கனில் விரிவுரையாளராக இருந்த லுட்விக் பொயர்பாக், தனிமனித ஆன்மா சாவுக்குப் பின் நிலைப்பதில்லை என்று 1830இல் பெயர் போடாமல் ஒரு நூல் எழுதி, எழுதியவர் இவர்தான் என்று தெரிந்தபின் பேராசிரியராகும் வாய்ப்பையே இழந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிப்பு இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன எனக்கு, பொயர்பாக் என்பது மார்க்ஸ் விமர்சித்த ஒரு பெயர் மட்டுமே. அந்த மனிதர் நடந்த தெருவில் நான் வெங்காயச் சாக்குச் சுமப்பேன் என்று அப்போது நினைத்ததில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது நூலின் ஐந்தாம் அத்தியாயம். ‘மனதை வீட்டுக்குக் கொண்டுவருதல்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தியானம் செய்வது எப்படி என்பதை மிக எளிமையாகச் சொல்கிறார். முதுகை நேராக வைத்து இரு. கண்ணை மூடாதே, திறந்தே இரு. மூச்சில் உன் கவனத்தின் கால்பங்கை மட்டும் வை. நினைவுகள் வந்தால் விரட்டாதே, பின்னால் போகவும் போகாதே. நெடுநேரம் இருந்து மரத்துப்போவதைவிடக் கொஞ்ச நேரம் இரு, பிறகு இடைவெளி விடு, அந்த இடைவெளிக்குள்ளும் அதே விழிப்பைக் கொண்டு போ. எழுந்து நடக்கும்போதும் சாப்பிடும்போதும் ஆட்களோடு கதைக்கும்போதும் அது தொடர வேண்டும். தியானத்தை அன்றாட வாழ்வோடு இணைப்பதுதான் தியானத்தின் அடிப்படையும் நோக்கமும் என்று அடித்துச் சொல்கிறார். இணைப்பு என்பதற்கு டொச்சில் வருகிற சொல் ‘இன்ரகிறாற்சியோன்’.

இந்தச் சொல்லைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அகதியாக இந்த நாட்டில் காலடி வைத்த நாளிலிருந்து நாங்கள் கேட்டுவரும் சொல் இது. 2005 முதல் அதற்கென்று சட்டமும் வகுப்பும் உண்டு. 600 மணித்தியாலம் மொழி, 100 மணித்தியாலம் இந்நாட்டின் சட்டம், சரித்திரம், பண்பாடு. முடிவில் சோதனை. இணைக்கப்பட வேண்டியவன் எப்போதும் நான். எதனோடு இணைப்பது என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. (எர்லாங்கனின் புதிய நகர்ப்பகுதியே அகதிகளுக்காக எழுந்ததுதான். பிரான்சிலிருந்து விரட்டப்பட்ட ஹியூகனொட் புரட்டஸ்தாந்தியருக்காக 1686இல் இந்த நாட்டுச் சிற்றரசர் கட்டத் தொடங்கியது. அவர்களுக்கு இன்ரகிறாற்சியோன் வகுப்பு இருக்கவில்லை. ஊரையே கொடுத்தார்கள்.) சோக்யாலின் நூலிலும் அதே சிக்கல் வேறு உருவத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. தியானத்தை வாழ்வோடு இணை என்கிறார். யாருடைய வாழ்வு என்று சொல்லவில்லை.

முதலில் வீடு. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எங்கள் ஊர்ச்சனம் முழுவதும் வெளியேறியபோது எனக்கு மூன்று வயது. வீட்டைப் பற்றி எனக்கு ஞாபகமே இல்லை. முகாமில் வளர்ந்த எனக்கு, அம்மா சொல்லிச் சொல்லி ஒரு கிணற்றடி, ஒரு மாமரம், ஒரு திண்ணை மனதுக்குள் கட்டப்பட்டிருக்கிறது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன அந்தப் பக்கத்தில், தையிட்டியில், தனியார் காணிகளில் இராணுவம் கட்டிய பெரிய விகாரை இன்று நிற்கிறது. காணிக்காரர் வெளியே நின்று போராடுகிறார்கள். மனதை வீட்டுக்குக் கொண்டுவா என்று ஒரு பௌத்தக் குரு எழுதியதைப் படிக்கும்போது எங்களில் ஒருவனுக்கு முதலில் வரும் படம் இதுதான். இதை மறைத்துக்கொண்டு இந்த நூலைப் பற்றி எழுத முடியாது. சாந்தமாக இருக்கும் புத்தர் சிலை எங்களுக்கு முகாம் காவலரணின் அடையாளம்.

ஆனால் அதோடு நிறுத்துவதும் நேர்மையில்லை. மணிமேகலையைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பிச்சைப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பசிப்பிணியைத் தீர்த்தவள், அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவள், பௌத்தத் துறவி. திபெத்துக்கே பதம்பா சங்கே என்றொருவர் தென்னிந்தியாவிலிருந்து போனார் என்று திபெத்திய மரபு சொல்லும். திங்ரியில் தங்கியிருந்து 1117இல் இறந்த அவருடைய போதனைக்குத் ‘துன்பம் தணித்தல்’ என்றுதான் பெயர். மறுபக்கம், ஹனாவ் நகரில் பிறந்த சியக்மூண்ட் பெனிகர் என்ற யூதர் 1936இல் இலங்கைக்கு வந்து பிக்குவானார். ஞானபோனிக்கர் என்று உலகம் அறிந்தவர் அவர்தான். நாசிகளுக்குத் தப்பி அவருடைய தாயும் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பாவில் இன்று நடக்கும் விழிப்புத் தியானத்துக்கெல்லாம் முன்னோடியான நூல்களில் ஒன்று கண்டிக்காட்டில் இருந்த அந்த அகதி எழுதியது. எங்கள் தீவு அகதிகளை உற்பத்தி செய்வதற்கு முன்பு அகதிகளை ஏற்றுக்கொண்ட தீவாகவும் இருந்திருக்கிறது. ஆகவே புத்தரை இராணுவத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை. சோக்யாலும் ஓர் அகதிதான். கிழக்குத் திபெத்தின் காம் பகுதியில் பிறந்து, தன்னை வளர்த்த குருவோடு 1950களில் சிக்கிம் பக்கம் வந்து சேர்ந்து, பின்னர் டெல்லி, கேம்பிரிட்ஜ் என்று படித்தவர். மனதுக்கு வீடு தேடும் ஒருவருடைய குரல் நூலின் முற்பகுதியில் உண்மையாகவே கேட்கிறது.

எனக்கு அவரோடு முதல் சண்டை சோம்பல் விஷயத்தில். சோம்பலில் இரண்டு வகை என்கிறார். கீழைத்தேயச் சோம்பல், வெயிலில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்து, ஹிந்திப் படப்பாட்டுக் கேட்டு, நாள் முழுதும் கதையளப்பது. மேலைத்தேயச் சோம்பல், ஒரு நிமிடமும் மிஞ்சாமல் வேலைகளால் நாளை அடைத்து, முக்கியமான கேள்விகளை எதிர்கொள்ள நேரமே இல்லாமல் பண்ணிக்கொள்வது. புத்திசாலித்தனமான பிரிப்புத்தான். ஆனால் பத்து மணித்தியாலம் குசினியில் நின்றுவிட்டு வந்து, கட்டிலில் காலை நீட்டி இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. என் நாள் அடைபட்டுக் கிடப்பது நான் தேடிக்கொண்ட தப்பித்தல் இல்லை. அறை வாடகை, வக்கீலுக்குக் கட்டவேண்டிய தவணை, மாதா மாதம் ஊருக்குப் போகிற காசு. நேரம் என்பது தன் கையில் இருக்கிறவனுக்குத்தான் அதை வீணடிப்பதும் தியானிப்பதும்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பக்கத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். கோபம் முழுக்கச் சரியில்லை என்று தோன்றியது. எங்கள் ஆட்களைப் பார்க்கிறேன். காலையில் துப்பரவு வேலை, பின்னேரம் ரெஸ்ரோரண்ட், சனி ஞாயிறு பேப்பர் போடுதல். வாடகைக்கு மட்டுமா? மகளின் சாமத்தியவீட்டுக்குக் குதிரை வண்டி பிடிக்க, மற்றவன் எடுத்த மண்டபத்தைவிடப் பெரிய மண்டபம் எடுக்க, சீட்டுக் காசு கட்ட. ஒரு நாள் லீவு கிடைத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் தொலைக்காட்சியையும் ரெலிபோனையும் மாறி மாறிப் பார்க்கிறோம். 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்களில் பலர் உட்கார்ந்து அழுததே இல்லை. இன்னொரு வேலை எடுத்துக்கொண்டோம். சோக்யால் சொல்லும் தப்பித்தல் எங்களிடமும் உண்டு. அவர் அதைச் சோம்பல் என்கிறார். நான் வேறு பெயர் தேடுகிறேன்.

என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் 1985இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர். அவரிடம் ஒருநாள் இந்த அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னேன்.

“மனம் இப்ப நிக்கிற இடத்திலையே நிக்கவேணுமாம் அண்ணை. அதுதான் தியானமாம்.”

கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “தம்பி, நான் முப்பத்தெட்டு வருசமா அடுப்புக்கு முன்னாலை நிக்கிறன். என்ரை மனம் ஒருநாளும் இஞ்சை நிண்டதில்லை. அது இஞ்சை நிண்டிருந்தால் எனக்கு எப்பவோ விசர் பிடிச்சிருக்கும்.”

நான் படித்த எந்தத் தியான நூலிலும் இதற்குப் பதில் இல்லை. ‘இந்தக் கணத்தில் இரு’ என்பவர்கள், இந்தக் கணம் இருக்கக்கூடிய இடமாக இருக்கிறது என்று முன்கூட்டியே நம்பிவிடுகிறார்கள். சட்டி கழுவும் தொட்டிக்கும் எண்ணெய்த் தாச்சிக்கும் நடுவில் நிற்பவனுக்கு, கரவெட்டிச் சந்தைக்கோ ஆனையிறவுக் கடலுக்கோ ஓடிப்போகிற மனம்தான் தஞ்சம். அதைப் பிடித்து இழுத்து வந்து கோப்பைகளுக்கு முன்னால் நிறுத்துவது யாருக்கு லாபம்? முதலாளிக்கு லாபம், கோப்பை உடையாது. இது வெறும் பகிடி இல்லை. 1979இல் அமெரிக்காவில், மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய மன அழுத்தத் தணிப்புப் பயிற்சி இன்று பெரிய கம்பனிகளின் அலுவலகங்களுக்குள் போய்விட்டது. ஜேர்மனியில் அப்படியான வகுப்புக்கு மருத்துவக் காப்புறுதியே காசில் ஒரு பகுதியைத் தரும். நான் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் மேலதிக நேரத்துக்குச் சம்பளம் கிடைக்கவில்லை. அதனால் வந்த மன அழுத்தத்தைத் தணிக்கும் வகுப்புக்கு மட்டும் காசு கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, நானே அதைச் செய்து பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். விமர்சிப்பவன் பந்திக்கு வெளியே நின்று சாப்பாட்டைப் பற்றிப் பேசக்கூடாது. காலையில் இருபது நிமிடம், பல மாதங்கள். கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொன்னது பிடித்திருந்தது. கண்ணை மூடினால் எனக்கு வேறு காட்சிகள் வரும். சில நாட்களில் மூச்சு மட்டும் மிஞ்சி, அறைக்கு வெளியே பஸ் போகும் சத்தம் வெறும் சத்தமாகக் கேட்டது. அந்தச் சிறு அமைதி பொய்யில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ‘தொங்லென்’ என்ற பயிற்சி வருகிறது. கொடுத்தலும் எடுத்தலும் என்று பொருள். மூச்சை உள்ளே இழுக்கும்போது மற்றவரின் துன்பத்தைக் கரும்புகையாக உள்ளெடுக்க வேண்டும். வெளியே விடும்போது உன்னிடமுள்ள நன்மையெல்லாம் அவருக்குப் போக வேண்டும். இது சோக்யாலின் கண்டுபிடிப்பில்லை. எட்டாம் நூற்றாண்டில் நாலந்தாவில் இருந்த சாந்திதேவர், தன்னையும் பிறரையும் இடம்மாற்றிப் பார்க்கும்படி சொன்னதில் தொடங்கி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் திபெத்தின் சேகாவா ‘மனப்பயிற்சி’யாக ஒழுங்குபடுத்திய மரபு. தியானம் செய்கிறவனை மட்டும் ஆற்றுகிற பயிற்சியாக இல்லாமல், பக்கத்தில் நிற்பவனைக் கணக்கில் எடுக்கிற பயிற்சி. சாதாரண மனித வாழ்வோடு இணையக்கூடியது ஏதாவது திபெத்தியத் தியானத்தில் உண்டென்றால் அது இதுதான் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை அதைச் செய்துவிட்டு வேலைக்குப் போனேன். குசினியில் கோப்பை கழுவ ஓர் ஆப்கான் பெடியன் புதிதாகச் சேர்ந்திருந்தான். இருபது வயதிருக்கும். மொழி அரைகுறை. இரவு எட்டரை மணிக்கு, எல்லா மேசையும் நிறைந்திருந்த நேரம், மெசினைத் திறந்து ஆவியோடு பீங்கான்களைத் தூக்கியவன் சூடு தாங்காமல் கைவிட்டான். ஒரு அடுக்கு முழுவதும் போயிற்று. நான் அவனை ஏசினேன். ஏசி முடித்தபிறகுதான் கவனித்தேன்: என் முதல் வருடத்தில், வேறொரு குசினியில், தலைமைச் சமையற்காரன் என்னைப் பார்த்துச் சொன்ன அதே டொச் சொல். அதே தொனி. அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாமல் அன்று அகராதியில் தேடியவன் நான். பெடியன் அகராதியில் தேடினானோ தெரியாது. துண்டுகளைக் கூட்டி அள்ளினான், ஒன்றும் பேசவில்லை.

காலையில் இருபது நிமிடம் உலகத்தின் துன்பத்தையெல்லாம் உள்ளே இழுத்தவன், இரவில் ஒரு பெடியனுடைய சுட்ட கையைப் பார்க்கவில்லை. இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் நூலாசிரியரைப் பற்றித் தேடிப் படித்தேன். பெட்டிகளில் ஏன் அந்தப் புத்தகம் கிடந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

2017 ஜூலையில், சோக்யாலின் நீண்டகாலச் சீடர்கள் எட்டுப்பேர் கையெழுத்திட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அடித்தார், பாலியல் ரீதியாகப் பெண் சீடர்களைப் பயன்படுத்தினார், ஆட்களை அவமானப்படுத்தினார் என்பன குற்றச்சாட்டுகள். புதிய விஷயமுமில்லை. 1994இலேயே கலிபோர்னியாவில் ஒரு பெண் வழக்குத் தொடர்ந்து, அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டிருந்தது. 2017 ஓகஸ்டில், அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதிய தலாய் லாமாவே அவர் மதிப்பிழந்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் சோக்யால் தான் உருவாக்கிய ‘றிக்பா’ அமைப்பின் தலைமையிலிருந்து விலகினார். அந்த அமைப்பே ஒரு சட்ட நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த விசாரணையின் அறிக்கை 2018இல் வந்தது. சீடர்கள் சிலர் பாரதூரமான உடல், பாலியல், உளத் துன்புறுத்தலுக்கு ஆளானார்கள் என்றும், அமைப்பின் மேல்மட்டத்தில் இருந்த சிலர் இதை அறிந்தும் தடுக்கவில்லை என்றும் அறிக்கை சொன்னது. நீதிமன்றத் தண்டனை எதுவும் வரவில்லை. 2019 ஓகஸ்டில் தாய்லாந்தில் அவர் இறந்தார்.

இந்த அறிக்கைகளைப் படிக்கும்போது என் கண் ஒரு விஷயத்தில்தான் நின்றது. அடி வாங்கியவர்களில் பலர் அவருக்கு நெருக்கமாக இருந்து பணிவிடை செய்தவர்கள். அவருடைய அன்றாட வாழ்வை நடத்திக் கொடுத்தவர்கள். ‘அன்றாட வாழ்வோடு இணை’ என்று எழுதியவருடைய அன்றாட வாழ்வு மற்றவர்களின் உழைப்பில் ஓடியிருக்கிறது. இது தெரிந்தபின் ஐந்தாம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால், முன்பு கண்ணில் படாத ஒரு குறை தெரிகிறது. காட்சிகள் அழகாக இருக்கின்றன. மலை, வானம், பூ, சூரிய ஒளி. ஆனால் சமைத்த சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பௌத்தம் சீலம், சமாதி, ஞானம் என்று வரிசைப்படுத்தும், சீலம் முதலில். இந்த நூலில் சமாதி பற்றி நிறையவும், ஞானம் பற்றி இன்னும் நிறையவும் உண்டு. மற்றவனிடம் எப்படி நடப்பது என்ற சீலம் பற்றி மிகக் குறைவு. கருணை என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, அது பெரும்பாலும் ஓர் உணர்ச்சியாகவே வருகிறது. தொங்லென் செய்துவிட்டு ஏசிய என்னால் இந்தக் குறையை நன்றாகவே அடையாளம் காண முடிந்தது.

சிலர் சொல்வார்கள், ஆளை விட்டுவிட்டு எழுத்தைப் பார் என்று. இலக்கியச் சண்டைகளில் எங்கள் பத்திரிகைகள் இதைப் பலமுறை பேசியாகிவிட்டது. ஒரு கவிதைக்கு அந்த நியாயம் பொருந்தலாம். வாழ்வோடு இணைப்பது எப்படி என்று கற்பிக்கும் நூலுக்கு, எழுதியவருடைய வாழ்வுதான் முதல் உதாரணம்.

*

இரண்டாவது நூல் எனக்கு வேண்டுமென்றே தேடிக் கிடைத்தது. பால்டன் கியாட்சோவின் தன்வரலாறு, ‘பனிக்கடியில் நெருப்பு’. 1997இல் வந்தது. திபெத்திய வரலாற்றாசிரியர் செரிங் ஷாக்யா அவரிடம் கேட்டு ஆங்கிலமாக்கியது. 1933இல் பிறந்த பால்டன், சிறுவனாகவே துறவியாகி, 1959 எழுச்சிக்குப் பின் கைதாகி, சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலுமாக 33 ஆண்டுகள் கழித்து 1992இல் வெளியே வந்தவர். ஒரே ஆண்டு, 1992: சோக்யாலின் நூல் ஐரோப்பியக் கடைகளுக்கு வருகிறது, பால்டன் சிறையிலிருந்து வருகிறார்.

தியானம் செய்வது எப்படி என்று அறிய விரும்பி இந்தப் புத்தகத்தை எடுப்பவர் ஏமாறுவார். அதில் அநேகமாக அது இல்லை. பட்டினி இருக்கிறது, தோலை அவித்துத் தின்றது இருக்கிறது. ‘தம்சிங்’ என்ற பகிரங்க விசாரணைக் கூட்டங்கள் இருக்கின்றன. கைதியைக் கைதியே ஏசவும் அடிக்கவும் வைக்கும் கூட்டங்கள். 1990இல் ஒரு சிறை அதிகாரி மின்தடியை அவர் வாய்க்குள் திணித்ததில் பற்கள் போயின. இவற்றையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல், காரணம் காரியத்தோடு, யார் எங்கே நின்றார்கள் என்று சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு வியப்பளித்தது கொடுமையின் அளவில்லை. அதை நாங்களும் அறிவோம். அந்த மொழியின் நிதானம். பழிவாங்கும் சொல்லைக் காணோம், மன்னித்துவிட்டேன் என்ற பெருமையையும் காணோம். தியானப் பயிற்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்த வாக்கியங்களின் நடையில் இருக்கிறது என்பேன். மனம் அங்கேயே நின்று பார்த்திருக்கிறது.

அண்ணைக்கான பதிலின் ஒரு துண்டும் இங்கேதான் கிடைத்தது. திபெத்தியச் சிறை அனுபவங்களில் திரும்பத் திரும்ப வரும் விஷயம், மனப்பாடமாயிருந்த பாடங்களை உதடு அசையாமல் சொல்லிக்கொண்டு நாட்களைக் கடத்தியது. அதாவது அவர்களுடைய மனமும் முழுநேரமும் அந்தக் கொட்டடியில் நிற்கவில்லை. அது போவதற்கு ஓர் இடம் இருந்தது. அண்ணையின் கரவெட்டிச் சந்தையைத் தியானத்துக்கு எதிரி என்று சொல்ல நான் இனி அவசரப்பட மாட்டேன்.

விடுதலையான பால்டன் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். சித்திரவதைக் கருவிகளை இலஞ்சம் கொடுத்துச் சேகரித்து, அவற்றோடு எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார். 1995இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணைக்குழு முன் சாட்சி சொன்னார். 2018இல் தர்மசாலாவில் இறக்கும்வரை அந்தக் கருவிகளை உலகத்துக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கையில் ஜெபமாலை, மறு கையில் மின்தடி.

திபெத்தியப் பௌத்தம் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. நாம்கியால் மடத்துத் துறவி ஒருவர் பதினெட்டு ஆண்டு சிறையிலிருந்துவிட்டு இந்தியா வந்து, சில தடவை ஆபத்தில் இருந்ததாகத் தலாய் லாமாவிடம் சொன்னார். என்ன ஆபத்து என்று கேட்டபோது, சீனர்கள் மீதான கருணையை இழந்துவிடும் ஆபத்து என்றாராம். மேடைகளில் இதைச் சொன்னால் ஐரோப்பியர் கண் கலங்குவார்கள். எனக்கு இந்தக் கதையோடு நெடுநாள் பிணக்கு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்காரத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்தும் போனார்கள். அவர்களிடம் போய் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது. ‘மறந்துவிட்டு முன்னுக்குப் போங்கள்’ என்று அரசாங்கமும் அவர்களுக்குச் சொல்கிறது. ‘பற்றை விடு’ என்று தியான ஆசிரியர் சொன்னால், அந்தத் தாயின் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். சோக்யாலின் நூலில் கிசாகோதமி கதை வருகிறது. செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சாவு விழாத வீட்டில் கடுகு கேட்டு அலைந்தவள். முள்ளிவாய்க்காலில் அவள் கடுகு கேட்டுப் போவதற்கு வீடே இருக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் சாவுண்டு என்ற உண்மை வேறு, இந்தச் சாவை யார் நிகழ்த்தினார்கள் என்ற கேள்வி வேறு. முதலாவதை ஏற்றுக்கொண்டவர் இரண்டாவதைக் கேட்கக்கூடாது என்று புத்தர் எங்கும் சொல்லவில்லை.

பால்டனைப் படித்தபின் அந்தப் பதினெட்டு ஆண்டுத் துறவியின் கதையோடு எனக்கிருந்த பிணக்குக் கொஞ்சம் தளர்ந்தது. வெறுப்பை இழப்பதும் சாட்சியத்தை இழப்பதும் ஒன்றென்று நான் நினைத்திருந்தேன். பால்டன் முன்னதை விட்டார், பின்னதைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். கிளிநொச்சித் தாய்மாரும், பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஏசாமல், எழும்பாமல் உட்கார்ந்தபோது, அவர்களுக்குப் பெயர் தெரியாத அதே பயிற்சியைத்தான் செய்தார்கள் என்று படுகிறது. இதை அழகுபடுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கேட்டது விழிப்பு நிலையை அல்ல, பதிலை.

திபெத் முழுவதும் இப்படி நிதானமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். 2009 பெப்ரவரி 12இல் முருகதாசன் ஜெனீவாவில் ஐ.நா. முன்றலில் தீக்குளித்தார். அதே மாதம் 27இல் திபெத்தியர் வாழும் ஙாபாவில் தாபே என்ற இளம் பிக்கு தன்மேல் தீ மூட்டிக்கொண்டார். அதன்பின் அங்கு நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள். இரண்டு இனத்தின் இளைஞர்கள், பதினைந்து நாள் இடைவெளி, ஒருவரையொருவர் அறியாதவர்கள். இதைப் போற்றவோ தூற்றவோ எனக்குத் தகுதியில்லை. ஐரோப்பியக் கடைகளில் ஊதுபத்தியோடு விற்கப்படும் திபெத்தில் தாபேக்கு இடமில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

சோக்யாலின் நூலை எறிந்துவிட வேண்டுமா? நான் எறியவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள முறை அவர் சொத்தில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் கை மாறி வந்தது. சமையல் குறிப்புத் தந்தவன் கெட்டவன் என்பதற்காகச் சோறு நஞ்சாவதில்லை. ஆனால் யார் சமைத்தார், யார் கழுவினார் என்ற கேள்வியோடுதான் இனி அதைப் படிக்க முடியும். இரண்டையும் வாசிக்க நினைப்பவர்கள் பால்டனிலிருந்து தொடங்குவது நல்லது. முறையைப் பிறகு எங்கேயும் கற்கலாம்.

ஆப்கான் பெடியனிடம் அடுத்த கிழமை மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு எந்தச் சம்பவம் என்று உடனே விளங்கவில்லை; அவனை ஏசியவர்கள் பலர். இப்போது காலையில் இருபது நிமிடம் இருப்பதில்லை. குசினிக் கதவைத் திறப்பதற்கு முன் சைக்கிளைப் பூட்டும் இடத்தில் நின்று மூன்று மூச்சு. பிறகு உள்ளே போனதும், கோப்பை கழுவுமிடத்தில் நிற்பவனுடைய கையை முதலில் பார்ப்பது, கையுறை இருக்கிறதா என்று. இரவு முடியும்வரை அவனை ஏசாமல் இருப்பது. சென்ற கிழமை இரண்டு நாள் தவறியிருக்கிறேன்.